பிளஸ் ஒன் பாடத்துக்கு இனி யார் பொறுப்பு?

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கு,

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது என்று அறிவித்தீர்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்றீர்கள். பெற்றோர் பலர் வரவேற்றார்கள். எங்கள் தெருவில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் குதித்தார்கள், குதிக்காமல் என்ன செய்வார்கள்?

தேர்வு போனதில் எனக்கு வருத்தம் பாதிதான். தேர்வு இருந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டுவிட்டீர்கள். இந்த மடல் அதைப் பற்றியது.

நான் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். பள்ளியிலிருந்து வரும் பிள்ளையைக் கல்லூரி முதலில் சோதித்துப் பார்ப்பது எங்கள் வகுப்பில்தான். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் என்ன சொன்னது, பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் நாங்கள். எனவே இதைச் சொல்லும் கடமையும் எங்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் ஒரு சின்னத் தேர்வு வைப்பேன். மதிப்பெண் கிடையாது, பெயர் எழுத வேண்டியதில்லை. கேள்விகள் எல்லாம் உங்கள் பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்துதான்: ஒரு மடக்கை விதி, ஒரு திரிகோணமிதி முற்றொருமை, எளிமையான ஓர் எல்லை, இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கு வகையீடு, மூன்றுக்கு மூன்று அணிக்கோவையின் மதிப்பு. பிளஸ் டூ பாடத்திலிருந்து ஒன்றுகூட இருக்காது. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃபில் 200-க்கு 180-க்கு மேல் வாங்கி வந்த பிள்ளைகள்கூட இதில் பாதியை வெற்றாக விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில் எனக்கு இப்போது மனப்பாடம். "மேம், அது லெவன்த்துல வரும். எங்க ஸ்கூல்ல லெவன்த் நடத்தல." தங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காது என்று சொல்வதைப்போல அவ்வளவு இயல்பாகச் சொல்கிறார்கள். தமக்கு ஏதோ ஒன்று மறுக்கப்பட்டது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

அதே பிள்ளையிடம் நீள்வட்டத்தின் பரப்பைத் தொகையீட்டின் மூலம் காணச் சொல்லுங்கள். படம் வரைந்து, படிப்படியாக எழுதி, விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுத் தருவார். அடடா என்று இருக்கும். பிறகு, 'ஏன் பூச்சியத்திலிருந்து ஏ வரை தொகையிட்டாய், எதற்கு நான்கால் பெருக்கினாய்?' என்று கேளுங்கள். நின்றுவிடுவார். அந்தக் கணக்கு ரிவிஷன் டெஸ்டில் திரும்பத் திரும்ப வந்ததால் கை எழுதுகிறது. தொகையீடு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் அது பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது.

உங்கள் புத்தகங்களையே எடுத்துப் பாருங்கள். எனக்கு அவற்றின்மீது குறை இல்லை. 2018-19இல் பிளஸ் ஒன்னுக்கும் அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்கும் வந்த புதிய கணிதப் புத்தகங்கள் நல்ல புத்தகங்கள் என்றே சொல்வேன். பிளஸ் டூ கணிதத்தின் 12 அத்தியாயங்களில் நான்கின் தலைப்பிலேயே 'பயன்பாடுகள்' வருகிறது: அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம். எதன் பயன்பாடுகள்? பிளஸ் ஒன்னில் அணிகளையும் வெக்டரையும் வகையீட்டையும் தொகையீட்டையும் படித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய அத்தியாயங்கள் அவை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே பாடமாகத் திட்டமிட்ட ஒன்றைப் பள்ளிகள் நடுவில் வெட்டி, பின்பாதியை மட்டும் இரண்டு ஆண்டுகள் நடத்துகின்றன.

கணிதத்தோடு இது நிற்பதில்லை. எங்கள் இயற்பியல் துறையில் இதே புலம்பல்தான். நிலைமின்னியலும் ஒளியியலும் பிளஸ் டூவில் வருவதால் மாணவர்கள் காஸ் விதியை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பார்கள். இயக்க விதிகள், திருப்புவிசை, வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாம் பிளஸ் ஒன். சிவிலும் மெக்கானிக்கலும் எடுத்தவர்கள் இரண்டாம் ஆண்டில் பொறியியல் இயக்கவியல் படிக்கப் போகும்போது, ஒரு பொருளின்மேல் என்னென்ன விசை செயல்படுகிறது என்று படம் போடத் தெரியாமல் தவிக்கிறார்கள். வேதியியலில் மோல் கருத்து பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் அத்தியாயம். அது தெரியாமல் கல்லூரி ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்க வந்து நிற்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். நடத்தும் என் தோழி சொல்வது இன்னும் வேடிக்கை. கூட்டாண்மையில் புதிய கூட்டாளி சேரும் கணக்கைப் போடுகிற பிள்ளைக்கு, சாதாரணக் குறிப்பேட்டுப் பதிவில் எது பற்று, எது வரவு என்று தெரியவில்லையாம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் எல்லாம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல். கூட்டாண்மை பிளஸ் டூ.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். பிளஸ் ஒன் சேர்க்கை ஜூனில் முடியும். இரண்டு மூன்று மாதம் பிளஸ் ஒன் பாடம் நடப்பதுபோல நடக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும், சில இடங்களில் அதற்கும் முன்பே, பிளஸ் டூ புத்தகம் மேசைக்கு வந்துவிடும். மார்ச்சுக்குள் பிளஸ் டூ போர்ஷன் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு முழுக்க ஸ்லிப் டெஸ்ட், யூனிட் டெஸ்ட், ஃபுல் போர்ஷன் டெஸ்ட். ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்டுவதற்கு ஒரு பிளஸ் ஒன் நோட்டு தனியாக இருக்கும். எல்லாத் தனியார் பள்ளிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக இரண்டு ஆண்டும் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன, அங்கிருந்து வரும் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் அந்தப் பள்ளிகள்தான் சேர்க்கையில் நஷ்டப்படுகின்றன. பக்கத்துப் பள்ளி 'எங்களிடம் இத்தனை சென்டம்' என்று பேருந்து நிலையத்தில் பேனர் கட்டும்போது, பாடத்தை முறையாக நடத்தினோம் என்று யார் பேனர் கட்டுவது?

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்ததும் உங்கள் துறைதான். 2017 மே மாதம் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டீர்கள். தர வரிசை வெளியிடுவதையும் அதே மாதம்தான் நிறுத்தினீர்கள். 1200 மதிப்பெண் என்றிருந்ததை ஆண்டுக்கு 600 என்று பிரித்தீர்கள். தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவதில்லை, அதனால் நம் பிள்ளைகள் அகில இந்தியத் தேர்வுகளிலும் கல்லூரியிலும் தடுமாறுகிறார்கள் என்பதுதான் அன்று வெளிப்படையாகச் சொன்ன காரணம். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. பள்ளியில் வேலை பார்க்கும் என் உறவினர்கள் அந்த ஆண்டு சொன்னது நினைவிருக்கிறது. பிளஸ் ஒன் நடத்த ஆசிரியர் வேண்டும் என்று நிர்வாகம் முதன்முறையாகத் தேடியதாம்.

அந்த மருந்தின் வீரியத்தை அடுத்த ஆண்டே குறைத்தீர்கள். 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் கணக்கில் வராது, பிளஸ் டூவின் 600 மட்டுமே போதும் என்று அறிவித்தீர்கள். தேர்வு இருந்தது, அதற்கு மதிப்பு இல்லாமல் போனது. பள்ளிகள் அதற்கேற்ப மாறிக்கொண்டன. தேர்ச்சி பெறும் அளவுக்கு மட்டும் பிளஸ் ஒன், மீதி நேரம் பிளஸ் டூ. இருந்தாலும் அந்தத் 'தேர்ச்சி பெறும் அளவு' என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அணிக்கோவை என்றால் என்ன என்று கேள்விப்பட்டாவது இருப்பார்கள். வகையீட்டுச் சூத்திரங்களைப் பரீட்சைக்காகவாவது ஒருமுறை எழுதிப் பார்த்திருப்பார்கள். அதை வைத்து நாங்கள் மேலே கட்டினோம்.

கொரோனா வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021இல் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தீர்கள். மதிப்பெண்ணை எப்படிப் போட்டீர்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ உள் மதிப்பீட்டிலிருந்து 30. பயனற்றது என்று இன்று ஓரம் கட்டிய அதே பிளஸ் ஒன் தேர்வு அன்று உங்களுக்குக் கை கொடுத்தது. அப்புறம், 2022இல் எங்களிடம் வந்தவர்கள் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே எழுதாதவர்கள். ஆன்லைன் வகுப்பு, பள்ளி மூடல் என்று அவர்களுக்கு ஆயிரம் சிக்கல் இருந்தது. எல்லாப் பழியையும் தேர்வு இல்லாததன்மேல் போட மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு முதல் செமஸ்டரில் நாங்கள் பட்ட பாடு இனி ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. 2025-26இல் பிளஸ் ஒன் படிக்கிறவர்கள் 2027இல் எங்கள் வகுப்பறைக்கு வருவார்கள்.

இதில் யாருக்கு இழப்பு என்பதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீட், ஜே.இ.இ. இரண்டுமே இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. அவற்றுக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளை பிளஸ் ஒன் பாடத்தைப் படித்தே ஆக வேண்டும், பள்ளி நடத்தாவிட்டால் பயிற்சி மையம் நடத்தும். அதற்குப் பெற்றோரிடம் பணம் இருக்கிறது. பணம் இல்லாத, மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண்ணை மட்டும் நம்பி, கட்-ஆஃப் பார்த்துக் கலந்தாய்வில் இடம் எடுக்கும் பிள்ளை இருக்கிறாரே, அவருக்குப் பிளஸ் ஒன் பாடத்தைக் கற்றுத்தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2007-08 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. அந்த முடிவை நான் இன்றும் ஆதரிக்கிறேன். கிராமத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் பொறியியலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நுழைவுத்தேர்வு வேண்டாம், பள்ளி மதிப்பெண் போதும் என்று சொல்கிற அரசுக்கு, அந்தப் பள்ளி மதிப்பெண் இரண்டு ஆண்டுப் படிப்பைக் காட்டுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு இரண்டு மடங்கு. ஒரு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டு மனப்பாடம் செய்து வாங்கிய 195 கட்-ஆஃப், இரண்டு ஆண்டையும் முறையாகப் படித்து வாங்கிய 180-ஐக் கலந்தாய்வில் முந்திப் போகிறது. இது சமூக நீதியா என்று நீங்களே சொல்லுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவர்கள் இப்போது எங்களிடம் வருகிறார்கள். ஆங்கிலத்தில் பாடம் கேட்டு முதல் மாதம் மிரண்டு போகிறார்கள். ஆனால் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பலருக்கும் பிடிபட்டுவிடுகிறது, ஏனென்றால் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தைப் பிளஸ் ஒன்னில்தான் நடத்துகிறார்கள். குறுக்கு வழி தெரியாத அந்த ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவர்களுடைய நேர்மைக்குத் தண்டனையாக அவர்களின் மாணவர்கள் கட்-ஆஃபில் பின்தங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது கல்லூரிப் பக்கம் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயர் 'அணிகளும் நுண்கணிதமும்' என்று இருந்தது. ஐகென் மதிப்பில் தொடங்கி, பல மாறிச் சார்புகள் வழியாக, இரட்டைத் தொகையீடு மும்மைத் தொகையீடு வரை ஐந்து யூனிட். இதில் ஒவ்வொரு யூனிட்டும் பிளஸ் ஒன்னின் ஏதோ ஓர் அத்தியாயத்தின்மேல் நிற்கிறது. அணிக்கோவை விரிக்கத் தெரியாதவருக்கு ஐகென் மதிப்பை எப்படிச் சொல்வது? தொகையீடு என்றால் என்ன என்று தெரியாதவருக்கு இரட்டைத் தொகையீடு? நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், செமஸ்டரின் முதல் சில வாரங்களில் பிளஸ் ஒன் நடத்துகிறோம். பிரிட்ஜ் கோர்ஸ் என்று அதற்குப் பெயர். ஓராண்டுப் பாடத்தைச் சில வாரங்களில் முடித்தால் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று ஆசிரியர்களான உங்கள் அதிகாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கடைசி இரண்டு யூனிட் ஓட்டமாக ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் தேர்வு வருகிறது. அரியர் விழுகிறது.

முதல் அரியர் ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூவில் கணிதத்தில் 95-க்கு மேல் வாங்கி, ஊரில் பெயரெடுத்து, உறவினர் எல்லாம் இனிப்பு கொடுத்து அனுப்பிய பிள்ளை. முதல் செமஸ்டரில் கணிதம் போய்விட்டது என்று வீட்டில் சொல்ல முடியாமல் விடுமுறைக்கே போகாமல் விடுதியில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. 'எனக்கு மூளை இல்லை மேம்' என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. மூளையெல்லாம் இருக்கிறது. அவர்களுக்கு வர வேண்டிய ஓராண்டுப் பாடத்தை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மன அழுத்தம் என்று நீங்கள் சொல்லும்போது இந்த அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பதினாறு வயதில் அம்மா பக்கத்தில் இருக்கும்போது வர வேண்டிய அழுத்தம், பதினெட்டு வயதில் தெரியாத ஊரில், லட்சக்கணக்கில் கல்விக்கடன் வாங்கிய பிறகு வருகிறது.

பழைய வரலாறு ஒன்றும் இங்கே பொருந்தும். 1978இல் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற மேல்நிலைக் கல்வி நம் மாநிலத்துக்கு வருமுன் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு இருந்தது. பள்ளி முடித்த பிள்ளை கல்லூரிக்குள்ளேயே ஓராண்டு படித்து, கல்லூரிப் பாடத்துக்குத் தயாராகிப் பட்டப்படிப்புக்குப் போகும். பி.யு.சி. முடித்தவர்களுக்கு பி.இ. ஐந்தாண்டுப் படிப்பாக இருந்தது, பிளஸ் டூ வந்தபின் நான்காண்டானது. கல்லூரி செய்துகொண்டிருந்த ஆயத்த வேலையைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஓராண்டைக் குறைத்தார்கள். இப்போது பள்ளி அந்த வேலையைச் செய்யவில்லை, கல்லூரியிலும் அதற்கு இடம் இல்லை. அந்த ஓராண்டு எங்கே போனது?

உங்கள் தரப்பு நியாயங்களையும் நான் யோசித்துப் பார்க்காமல் எழுதவில்லை. மூன்று ஆண்டு தொடர் பொதுத்தேர்வு அதிகம்தான். பிளஸ் ஒன்னில் அரியர் வைத்துக்கொண்டே பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் நொந்துபோய்ப் பள்ளியை விட்டு நின்றதும் நடந்தது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாளுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி எல்லோரையும் உலுக்கியது. ஒரு பிள்ளைகூடத் தேர்வுக்குப் பயந்து படிப்பை நிறுத்தக் கூடாது என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். தேர்ச்சி, தோல்வி என்ற முத்திரையை எடுத்துவிடுங்கள், தாராளமாக. ஆனால் பிளஸ் ஒன் தேர்வு வெறுமனே மாணவனை அளக்கும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. பள்ளி தன் வேலையைச் செய்ததா என்று பார்க்க உங்களிடம் இருந்த ஒரே கருவியும் அதுதான். மாணவனுக்கு இரக்கம் காட்டப் போய் பள்ளி நிர்வாகத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டீர்கள். இந்த அறிவிப்பைப் பிள்ளைகளைவிட அதிகமாகக் கொண்டாடியது யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

பள்ளிகளே பிளஸ் ஒன் தேர்வை நடத்திக்கொள்ளும் என்கிறீர்கள். 2017க்கு முன்பும் பள்ளிகள்தானே நடத்திக்கொண்டிருந்தன? அன்று வேலை செய்யாத ஏற்பாடு இன்று எப்படி வேலை செய்யும் என்பதற்கு உங்கள் கொள்கை ஆவணத்திலோ பேட்டிகளிலோ எனக்கு நம்பிக்கை தரும் பதில் கிடைக்கவில்லை. பக்கத்தில் கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் சேர்த்து 1200-க்குத்தான் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதனால் அங்கே பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் ஆசை வருவதில்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கப்போவதில்லை, 2018இல் நீங்கள் விட்ட வாய்ப்பு அது.

நான் கேட்பது இவைதான்.

முதலாவது, பிளஸ் டூ பொதுத்தேர்வு வினாத்தாளிலேயே பிளஸ் ஒன் பாடத்துக்கு நிச்சயமான ஒரு பங்கு கொடுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணக்குப்பதிவியல் ஆகிய நான்கிலாவது இது வேண்டும். கணிதத்தில் 90-க்கு எழுதும் தாளில் 20 மதிப்பெண் பிளஸ் ஒன் அடிப்படைகளிலிருந்து வந்தால் போதும், எந்தப் பள்ளியும் அந்தப் புத்தகத்தைக் கட்டிவைக்க முடியாது. அதற்கு ஈடாகப் பிளஸ் டூ பாடத்தில் சுமையைக் குறையுங்கள். மூன்றாவது பொதுத்தேர்வு திரும்பி வராது, பிள்ளைகளுக்குக் கூடுதல் தேர்வு நாளும் இல்லை. ஆனால் இதை இப்போது பிளஸ் டூவில் இருப்பவர்கள்மேல் திடீரென்று போடாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே ஏமாந்தவர்கள். இனி பிளஸ் ஒன்னில் சேரப்போகும் அணியிலிருந்து தொடங்குவோம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

அது நடைமுறைக்கு வரும் வரை, பிளஸ் ஒன் ஆண்டு இறுதித் தேர்வுக்காவது மாநிலம் முழுவதும் ஒரே வினாத்தாள் கொடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்குப் பொது வினாத்தாள் அனுப்பிய அனுபவம் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சில விடைத்தாள் கட்டுகளை எடுத்து வேறு பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். மாணவனின் பெயரும் மதிப்பெண்ணும் வெளியே வர வேண்டியதில்லை. பள்ளியின் நிலை உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆய்வுக்குப் போகிறவர்கள் ஜூலையில் போகாதீர்கள். ஜூலையில் எல்லாப் பள்ளியும் பிளஸ் ஒன்தான் நடத்தும். டிசம்பரிலும் ஜனவரியிலும் முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். தலைமையாசிரியர் அறையில் பதிவேட்டைப் பார்க்காமல், வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவனின் பையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் 14417 உதவி எண்ணில் இந்தப் புகாரைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்ய வழி செய்யுங்கள். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாத பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்க வரும்போது அது ஒரு குற்றமாகவே கணக்கில் வர வேண்டும். இதுவரை இதற்காக எந்தப் பள்ளியின்மீதாவது நடவடிக்கை எடுத்திருந்தால் அதையும் வெளியிடுங்கள்.

அடுத்தது, உயர்கல்வித் துறையோடும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பள்ளியிலிருந்து வந்த மாணவர்கள் முதல் செமஸ்டர் கணிதத்திலும் இயற்பியலிலும் எப்படிச் செய்தார்கள் என்ற தரவு ஒரு பக்கமும், அவர்களின் பிளஸ் டூ மதிப்பெண் மறுபக்கமும் அரசின் கையில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு குழு போடுங்கள். அதில் முதலாண்டு நடத்தும் கல்லூரி ஆசிரியர்களும், அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்களும் இருக்கட்டும். ஆறு மாதத்தில் அறிக்கையைப் பொதுவில் வையுங்கள். நான் சொல்வது மிகை என்று அந்த அறிக்கை சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் முதுகலை ஆசிரியர் காலியிடங்களைக் கல்வியாண்டு தொடங்குமுன் நிரப்புங்கள். பிளஸ் ஒன்னை நேர்மையாக நடத்தும் பள்ளியில் நடத்த ஆள் இல்லாமல் போவது எல்லாவற்றையும்விடக் கொடுமை.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை வரும் ஜூனில் பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்குவதற்குள் எழுத்து மூலம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் கல்லூரியின் முதலாண்டுக் கணித ஆசிரியை